ஓல்காவின் நோயையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், உலக சினிமா பக்கத்தில், 'டர்கிஷ் டிலைட்' என்ற டச்சுப் படத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். 1973-இல் வந்த படம், பால் வெர்ஹூவன் இயக்கியது, படுக்கையறைக் காட்சிகளால் பரபரப்பைக் கிளப்பியது என்று ஆரம்பித்த உங்கள் கட்டுரையாளர் கடைசி வரைக்கும் அதே பாட்டைத்தான் பாடினார். கதாநாயகி 'நோய்வாய்ப்பட்டு இறக்கிறாள்' என்று முடிவில் ஒரே ஒரு வரி. எனக்குக் கோபம் வந்ததே அந்த வரியைப் படித்துத்தான். அந்தச் சாவை ஒரு வரியில் தள்ளிவிட்டால் அதற்கு முன்னால் வரும் எதற்கும் அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

நான் நரம்பியல் வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மூளைக் கட்டியோடு வந்தவர்களையும், அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களையும் கிட்டத்தில் இருந்து பார்த்தவள். இந்தப் படத்தை ஆபாசம் என்று ஒதுக்குகிறவர்களும் சரி, ஆபாசத்துக்காகவே தேடிப் பிடித்துப் பார்க்கிறவர்களும் சரி, பாதிப் படத்தைத்தான் பார்க்கிறார்கள். இணையத்தில் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருப்பதும் அந்தப் பாதியைத்தான். மீதிப் பாதியைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எரிக் ஆம்ஸ்டர்டாமில் வாழும் ஒரு சிற்பி. முரடன், வாய்க்கு வந்ததைப் பேசுகிறவன். சாலையோரம் லிஃப்ட் கேட்டு நிற்கும்போது ஓல்கா காரை நிறுத்துகிறாள். சிவந்த முடி, அடக்கமுடியாத சிரிப்பு, அல்க்மார் ஊரில் கடை வைத்திருக்கும் வசதியான வீட்டுப் பெண். அம்மாவுக்கு இவனைக் கண்டாலே ஆகாது. இருந்தாலும் கல்யாணம் நடக்கிறது. ஓல்காவின் அப்பா இறந்துபோகிறார், அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் இடையில் ஏதோ கழன்றுகொள்கிறது, அவள் போய்விடுகிறாள், ஓர் அமெரிக்கரைக் கட்டிக்கொள்கிறாள். கொஞ்ச காலம் கழித்து எரிக் அவளை மறுபடி சந்திக்கும்போது பேச்சும் நடையும் ஒரு மாதிரியாக இருக்கின்றன, அவன் கண்ணெதிரிலேயே சுருண்டு விழுகிறாள். மூளையில் கட்டி.

இப்போது அந்தச் சீன உணவகக் காட்சிக்கு வருகிறேன். ஓல்காவின் குடும்பம் ஏற்பாடு செய்த விருந்து. வியாபாரத் தொடர்புள்ள ஓர் ஆளோடு, புருஷன் எரிக் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் குழைகிறாள், காரணமே இல்லாமல் சிரிக்கிறாள். எரிக் பக்கத்தில் போனால் யாரோ எவரோ என்பதுபோல் இருக்கிறாள். அவன் அங்கேயே வாந்தி எடுக்கிறான், அவளை அறைகிறான், அதோடு அந்தக் கல்யாணம் முடிகிறது. உங்கள் கட்டுரையாளர் இதை 'சபலக்காரியின் துரோகம்' என்று எழுதியிருக்கிறார்.

எங்கள் வார்டுக்கு வந்த எத்தனையோ குடும்பங்கள் இதே மாதிரிதான் பேசியிருக்கின்றன. "நல்லாத்தான் இருந்தா சிஸ்டர், இப்பக் கொஞ்ச நாளா குணமே மாறிப்போச்சு." மூளையின் முன்பகுதியில் கட்டி வளர்ந்தால் தலைவலிதான் முதலில் வரவேண்டும் என்று இல்லை. சில பேருக்குக் கூச்சம் போய்விடும், எங்கே என்ன பேசலாம் என்ற நிதானம் போய்விடும், சாவு வீட்டில் உட்கார்ந்து சிரிப்பார்கள், தெரியாத ஆளிடம் ஒட்டிக்கொண்டு பேசுவார்கள், பெற்ற பிள்ளை அழுதாலும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். வீட்டில் இருப்பவர்கள் அதைத் திமிர் என்பார்கள். பெண்ணாக இருந்துவிட்டால் நடத்தை சரியில்லை என்பார்கள். அடி விழும், மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள், அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வலிப்பு வந்து விழுந்த பிறகுதான் எங்களிடம் கொண்டுவருவார்கள். ஸ்கேன் படத்தை டாக்டர் விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டும்போது அந்தப் புருஷன்மார்களின் முகம் போகும் போக்கை நான் பார்த்திருக்கிறேன். கை நீட்டி அடித்த நாளெல்லாம் அவர்களுக்கு அந்த நிமிஷத்தில் ஞாபகம் வந்துவிடும்.

ஓல்கா நடந்துகொண்டதற்கெல்லாம் கட்டிதான் காரணம் என்று படம் எங்கேயும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் இயல்பே அப்படியா, அப்பா போன துக்கமா, இந்த முரடனோடு வாழ்ந்து அலுத்துப்போனதா, நோய்தான் முன்கூட்டியே வேலையை ஆரம்பித்துவிட்டதா, எரிக்குக்கும் தெரியாது, நமக்கும் சொல்லப்படவில்லை. ஆனால் படம் முடிந்த பிறகு அந்த விருந்துக் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். முதல் தடவை கேட்ட சிரிப்பாக அது இருக்காது. இதைச் செய்யத் தெரிந்த இயக்குநரைப் 'பரபரப்புக்காகப் படம் எடுத்தவர்' என்று எழுதுவது நியாயமா?

காலத்தையும் பார்க்கவேண்டும். இந்தப் படத்துக்கு மூலமான, யான் வோல்கர்ஸ் எழுதிய நாவல் 1969-இல் வந்தது. அப்போது சி.டி. ஸ்கேன் கிடையாது. காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய அந்த இயந்திரத்தில் முதன்முதலாக ஒரு நோயாளியைப் படம் பிடித்தது 1971 அக்டோபரில், லண்டனின் அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில். அந்த முதல் நோயாளி யார் தெரியுமா? முன்மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகப்பட்டுக் கொண்டுவரப்பட்ட ஒரு பெண். அதற்கு முன்னால் முதுகுத்தண்டில் ஊசி குத்திக் காற்றைச் செலுத்தி மண்டையை எக்ஸ்ரே எடுப்பார்கள், கழுத்து ரத்தக்குழாயில் மருந்து ஏற்றிப் படம் எடுப்பார்கள். காற்று ஏற்றினால் உயிர் போகிற தலைவலி வரும் என்று எனக்குப் பாடம் எடுத்த மூத்த சிஸ்டர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். லேசில் யாரையும் அந்தச் சோதனைக்கு உட்படுத்த மாட்டார்கள். ஓல்கா மாதிரி ஒரு பெண் சிரித்துக்கொண்டே தன் வாழ்க்கையைக் கலைத்துக்கொண்டிருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அன்றைக்கு யாருக்கும் தோன்றியிருக்காது.

சரி, அந்த முதல் பாதிக்கு வருகிறேன். நிர்வாணம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் உடம்பு என்றால் படுக்கை மட்டும்தான் என்று இந்தப் படம் நினைக்கவில்லை. ஒரு காட்சியில் ஓல்கா தன் மலத்தில் சிவப்பைப் பார்த்துப் பதறிப்போகிறாள், அம்மாவைப் போலத் தனக்கும் புற்றுநோய் வந்துவிட்டது என்று. எரிக் பார்த்துவிட்டு, நீ சாப்பிட்ட பீட்ரூட் அது என்கிறான். எனக்குத் தெரிந்து வேறு எந்தக் காதல் படத்திலும் இதைக் காட்டத் துணிந்ததில்லை. கட்டுரையாளருக்கு இது அருவருப்பாக இருந்ததாம். எனக்கு அந்த இடத்தில்தான் இவன் இந்தப் பெண்ணை விட்டுப் போகமாட்டான் என்று தோன்றியது. பெட்பானை முகம் சுளிக்காமல் எடுக்கிற மனுஷர்களை அடையாளம் கண்டுபிடிப்பது எங்கள் தொழிலில் தானாக வந்துவிடும்.

கடைசியில் ஆஸ்பத்திரி. ஆபரேஷனுக்காக அந்தச் சிவந்த முடியை மழித்துவிட்டார்கள். எரிக் அவளுக்கு ஒரு விக் கொண்டுவருகிறான். கெட்டியாக எதைக் கடித்தாலும் பல் உடைந்துவிடும் என்று அவளுக்கு ஒரு பயம், அதனால் வாயில் வைத்தால் கரைகிற அந்த மாவு மிட்டாயை மட்டும்தான் சாப்பிடுகிறாள். அந்த மிட்டாயின் பெயரைத்தான் படத்துக்கு வைத்திருக்கிறார்கள். மூளை ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஊட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்று ஊட்டியவர்களுக்குத்தான் தெரியும். வாயில் வைத்ததை முழுங்க மறந்துபோவார்கள், கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள், அவசரப்பட்டு அடுத்த வாய் கொடுத்தால் புரையேறிவிடும். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. முதல் பாதி முழுக்க அவள் உடம்பை விட்டு நகராமல் இருந்த யான் டி பான்ட்டின் கேமரா, இங்கேயும் அதே நெருக்கத்தில், அதே தயக்கமின்மையோடு அந்த மொட்டைத் தலையைப் பார்க்கிறது. முன்னால் பார்த்தது அசிங்கம் என்று கண்ணை மூடிக்கொண்டவர்களுக்கு இதைப் பார்க்கும்போது இழந்தது என்ன என்று தெரியவே தெரியாது. வெட்டி எடுத்துவிட்டால் படம் சுத்தமாகிவிடும் என்கிறவர்களிடம் நான் சொல்வதும் இதைத்தான்: வெட்டினால் அது ஒரு நோயாளியின் கதையாக மட்டும் மிஞ்சும், அந்த நோய் யாரைத் தின்றது என்பது போய்விடும்.

எங்கள் வார்டில் ஒரு கணவர் இருந்தார். மனைவியின் மழித்த தலையில் எண்ணெய் வைக்கவேண்டும் என்று வீட்டிலிருந்து நல்லெண்ணெய் கொண்டுவந்தார், தையல் இருக்கிறது, தொடக்கூடாது என்று நாங்கள் சத்தம் போட்டோம். சரி சிஸ்டர் என்று சொல்லிவிட்டு அந்த எண்ணெயைக் காலுக்குத் தேய்த்துவிட ஆரம்பித்தார், விரல் விரலாக. அந்தம்மாவுக்கு அவர் யார் என்றே அப்போது தெரியவில்லை. அவருடைய கைக்கு மட்டும் அந்தக் கால் நன்றாகத் தெரிந்திருந்தது.

எரிக்கை நான் உத்தமன் என்று சொல்லவரவில்லை. படத்தின் தொடக்கத்தில் அவன் கூட்டிவரும் பெண்களை நடத்துகிற விதம் கேவலமாக இருக்கிறது, அவர்களுக்கு ஒரு முகமோ பேரோ கூடப் படம் ஒழுங்காகக் கொடுக்கவில்லை. ஓல்காவை அறைந்ததற்கு எந்தக் காதலும் சமாதானம் ஆகாது. அவளுடைய அம்மாவை வெறும் வில்லியாக வரைந்திருப்பதும் எனக்கு ஒப்பவில்லை. மார்பகப் புற்றுநோயில் ஒரு பக்கத்தை இழந்த பெண் அவர், அந்த வேதனைக்குள் போக வெர்ஹூவனுக்கு மனம் வரவில்லை. இந்தக் குறைகளை உங்கள் கட்டுரையாளர் எழுதியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன். அவர் இதைப் பற்றியெல்லாம் ஒன்றுமே சொல்லாமல் நிர்வாணத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்.

எழுதியவரும் எடுத்தவரும் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் இந்தப் பச்சைத்தனம் புரியும். வோல்கர்ஸ் லைடனுக்குப் பக்கத்தில், பதினொரு பிள்ளைகள் இருந்த கண்டிப்பான சீர்திருத்தத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்தவர், அப்பா மளிகைக் கடைக்காரர். எழுத்தாளர் என்பதோடு சிற்பியும் கூட. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இறந்தவர்களுக்காக ஆம்ஸ்டர்டாமில் உடைந்த கண்ணாடிகளைத் தரையில் பதித்து நினைவுச் சின்னம் செய்தவர் அவர்தான். வெர்ஹூவன் போர்க்காலத்தில் ஹேக் நகரத்தில் குண்டுவீச்சுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை, பிறகு லைடனில் கணிதமும் இயற்பியலும் படித்தவர். மனித உடம்பு எவ்வளவு சுலபமாகக் கெட்டுப்போகும் என்று இருவருக்கும் சின்ன வயதிலேயே தெரிந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

நெதர்லாந்தில் அப்போது மக்கள்தொகை சுமார் 1.3 கோடி. அங்கே இந்தப் படத்துக்கு 33 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்றது, இன்றுவரை வேறு எந்த டச்சுப் படமும் அதைத் தாண்டவில்லை. ஆஸ்கரில் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பிடித்தது, விருது பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவின் படத்துக்குப் போனது. 1999-இல் நெதர்லாந்து திரைப்பட விழாவில் அந்த நூற்றாண்டின் சிறந்த டச்சுப் படம் என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். துணி இல்லாத காட்சிக்காக மட்டும் வந்த கூட்டம் கால் நூற்றாண்டு கழித்தும் ஒரு படத்தை நெஞ்சில் வைத்திருக்காது.

குடும்பத்தோடு பார்க்கிற படமா என்று கேட்டால், இல்லை. பெரியவர்கள், அதிலும் மனதைத் திடப்படுத்திக்கொண்டவர்கள் பார்க்கவேண்டிய படம். வீட்டில் யாருக்காவது மூளைக் கட்டி வந்து இப்போதுதான் இழந்தவர்கள் என்றால் கொஞ்ச காலம் தள்ளிப்போடுங்கள். படத்தின் இசையில் வரும் டூட்ஸ் தீல்மன்ஸின் மவுத்ஆர்கன் ஒன்று போதும் பழையதையெல்லாம் கிளறிவிட.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கட்டுரையோடு ஓல்காவின் படத்தை மூன்று பத்தி அகலத்துக்குப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். கட்டுரையில் வெர்ஹூவன் பெயர் இருக்கிறது, எரிக்காக நடித்த ருட்கர் ஹவர் பெயர் இருக்கிறது, அவர் பிறகு ஹாலிவுட் போனது வரைக்கும் இருக்கிறது. படத்தில் இருக்கும் பெண்ணின் பெயரை மட்டும் காணோம். அவர் மோனிக் வான் டே வென். அவருக்கு இதுதான் முதல் படம், நடித்தபோது வயது இருபது. கூச்சம் இல்லாத சிரிப்பிலிருந்து நினைவு தடுமாறும் கண்கள் வரைக்கும் அந்த வயதில் அவர் செய்து காட்டியதை எங்கள் வார்டு டாக்டர்கள் பார்த்தால்கூட ஒத்துக்கொள்வார்கள். 2008-இல் வோல்கர்ஸின் இன்னொரு கதையை அவரே இயக்கிப் படமாக எடுத்தார். அடுத்த ஞாயிறு திருத்தம் என்று போட்டாவது அந்தப் பெயரை அச்சில் கொண்டுவாருங்கள். 'சபலக்காரி' என்ற வார்த்தையையும் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், உங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சிராப்பள்ளி