பிரிக்கிற வேலையை முதலில் எழுது

தண்டையார்பேட்டை

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஒரு மாதம் அடுப்படிப் புகை பக்கம் விடாதே.

கொருக்குப்பேட்டையில் குடோன் இடித்த எட்டு கிரவுண்டு மனை சும்மா கிடக்கிறது, சி.எம்.டி.ஏ. அனுமதி வந்து கட்டடம் எழும்பும்வரை பிள்ளைகள் பந்து விளையாடவும் பெண்கள் கீரை போடவும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக எடுக்கலாம். ஆனால் மனைக்காரர் தயங்குகிறார் என்று கடைசி வரியில் எழுதினாயே, வேலை அங்கேதான் ஆரம்பம். நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதல்ல அவர் பயம், சொன்ன தேதியில் கிளம்புவீர்களா என்பதுதான். ஒண்ட வந்த பிடாரி கதை அவருக்கும் தெரியும்.

பெர்லினில் டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தை 2008-இல் மூடினார்கள். 2010-இல் ஓடுபாதையை ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2014-இல் அங்கே வீடு கட்ட நகராட்சி திட்டம் போட்டதும், கூடாது என்று பொது வாக்கெடுப்பிலேயே தோற்கடித்துவிட்டார்கள். நமக்கு இனிக்கிற கதைதான். மனைக்காரர் காதில் மட்டும் போட்டுவிடாதே, அன்றைக்கே கேட்டை வெல்டிங் வைத்துவிடுவார். லண்டன் கிங்ஸ் கிராஸ் கதையைச் சொல். அங்கே குப்பை அள்ளும் இரும்புத் தொட்டிகளில் மண் போட்டுத் தோட்டம் வைத்தார்கள். ஒரு மூலையில் கட்டட வேலை ஆரம்பித்தால் தொட்டிகளை அடுத்த மூலைக்கு நகர்த்திக்கொண்டார்கள்.

பத்திரத்தில் வாடகை, குத்தகை என்று ஒரு வார்த்தைகூட வரக்கூடாது. 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டம் 52-ஆம் பிரிவில் சொல்லும் லைசென்ஸ் போதும். இடத்தில் நமக்கு உரிமை எதுவும் வராது, உள்ளே வந்து போக அனுமதி மட்டும். லைசென்ஸைக் கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஆனால் 60-ஆம் பிரிவில் ஒரு முள் இருக்கிறது: அனுமதியை நம்பி நாம் செலவு செய்து நிரந்தரமான கட்டுமானம் எழுப்பிவிட்டால், அவரால் திரும்ப வாங்க முடியாமல் போகலாம். அவருடைய வக்கீல் முதலில் காட்டப்போவது இதைத்தான். அவர் காட்டுவதற்கு முன் நீயே காட்டு. சிமென்ட் இல்லை, அஸ்திவாரம் இல்லை, எல்லாம் ஸ்பேனர் போட்டுக் கழற்றுகிற மாதிரிதான் என்று பத்திரத்திலேயே எழுது. கூடவே, எதை யார் எத்தனை நாளில் பிரித்து எங்கே கொண்டுபோவது என்று ஒரு பக்கம் சேர்த்துவிடு. அந்தப் பக்கத்தை முதலில் எழுதினால்தான் எதை வாங்குவது என்றே தெளியும்.

கேட் சங்கிலியில் இரண்டு பூட்டைக் கோத்துப் போடு, ஒன்று அவருடையது, ஒன்று உங்களுடையது. எதைத் திறந்தாலும் கேட் திறக்கும். இடம் எங்கள் கைவசம் மட்டும்தான் இருந்தது என்று பின்னால் யாரும் பேச முடியாது. கரண்ட் வேண்டுமென்றால் இணைப்பு அவர் பெயரில் இருக்கட்டும். அந்த விலாசத்துக்கு நம் பெயரில் ஒரு ரசீதும் வரக்கூடாது. கொடிக்கம்பம், மன்றப் பலகை, சிலை எதுவும் வேண்டாம். மரமும் வேண்டாம். வேப்பங்கன்று நட்டால் ஆறு மாதத்தில் மஞ்சள் துணி சுற்றும், ஒரு வருடத்தில் கல் முளைக்கும், அடுத்த ஆடிக்குக் கூழ் ஊற்றுவார்கள். அப்புறம் யார் அங்கே ஜே.சி.பி. கொண்டுவருவது?

இனி மண். முதலில் அந்தக் குடோனில் என்ன வைத்திருந்தார்கள் என்று பழைய சுமைதூக்கிகளைக் கேள். அரிசி, பருப்பு என்றால் சரி. பேட்டரி, பெயின்ட், தோல், ரசாயனம் என்றால் தரையில் எதையும் விதைக்காதே. பத்துப் பதினைந்து இடத்தில் அரை அடி ஆழத்துக்குக் குழி போட்டு, மண்ணைக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரு பாகத்தைக் கழித்து, மிஞ்சியதையும் அப்படியே குறைத்துக்கொண்டே வந்து அரை கிலோ எடுத்து, காரீயம், காட்மியம், குரோமியம் மூன்றையும் பார்க்கச் சொல். வேளாண் துறை மண் பரிசோதனையில் வழக்கமாகப் பார்ப்பது உப்பும் உரச்சத்தும்தான், இந்த உலோகங்களுக்குத் தனியார் லேப் போக வேண்டும். இடிபாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் துண்டு கிடந்தால் பிள்ளைகளைப் பொறுக்க விடாதே. தண்ணீர் தெளித்து, உடைக்காமல் எடுத்து, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டித் தனியாகக் கொடுக்க வேண்டும். மற்ற கட்டட இடிபாட்டைப் பொடிக்க மாநகராட்சிக்குக் கொடுங்கையூரில் ஆலை இருக்கிறது. கால்வாய் ஓரம் கொட்டுகிற லாரிக்காரனிடம் கொடுக்காதே.

சீமைக்கருவேலத்தை மேலே வெட்டினால் புதராகத் தழைக்கும். ஒரு அடி தோண்டி வேர்க்கழுத்தோடு எடு. முள்ளைக் காந்தம் எடுக்காது, ஆணியை எடுக்கும். அதனால் கூட்டுவதும் வேண்டும், கயிற்றில் காந்தம் கட்டி இழுப்பதும் வேண்டும். பழைய கிணறு இருக்கிறதா என்று மறக்காமல் தேடு. பலகை போட்டு மூடினால் மூடியதாக ஆகாது, இரும்பு கிரில் போட்டுப் பூட்டு.

பந்து மைதானம் 36 மீட்டருக்கு 18 போதும், ஐந்து பேர் ஆட்டத்துக்குச் சரியான அளவு. சுற்றி இரண்டு மீட்டர் விட்டால் 880 சதுர மீட்டர், அதாவது நாலு கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. கிராவல் நான்கு அங்குலம் இறுகி நிற்க வேண்டுமென்றால் உதிரியாக ஐந்து அங்குலம் கொட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 39 யூனிட் (யூனிட் என்றால் நூறு கன அடி), மூன்று யூனிட் டிப்பரில் 13 லோடு. ஆனால் இருக்கிற தரைமேல் அப்படியே கொட்டிவிடாதே. நம் பக்கம் பாதி வீடுகள் தெருவைவிடத் தாழ்ந்தவை. மனையை நான்கு அங்குலம் உயர்த்தினால் ஐப்பசி மழைத் தண்ணீர் பின்வீட்டு அடுக்களைக்குப் போகும், மறுநாள் பஞ்சாயத்துதான். இடிபாட்டை அள்ளிவிட்டு அதே மட்டத்துக்கு நிரப்பு. நடுவிலிருந்து இரு பக்கமும் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் கொடுத்து, தெருப்பக்க மழைநீர் வடிகாலை நோக்கி ஓர் அடி அகலத்தில் வாய்க்கால் வெட்டு.

கோல் போஸ்ட் மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம், இரண்டு அங்குல ஜி.ஐ. பைப். பையன்கள் மேல்கம்பியில் தொங்குவார்கள், முன்பக்கம் சாய்ந்தால் உயிரே போகும். பின்சட்டத்தில் பக்கத்துக்கு 50 கிலோ மணல் மூட்டையும், இரண்டடி இரும்பு முளையும் கட்டாயம். கோலுக்குப் பின்னால் வலை கட்ட, மணல் நிரப்பிய 200 லிட்டர் டிரம்மில் கம்பத்தை நிறுத்து, ஒரு பக்கத்துக்கு ஏழு டிரம். ரசாயன டிரம் வேண்டாம், எண்ணெய் டிரம் வாங்கு. புயல் எச்சரிக்கை வந்தால் வலையை இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் பாய்மரம் மாதிரி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

குடோனின் பழைய சிமென்ட் தளம் ஒரு மூலையில் மிஞ்சியிருக்கிறது என்றாயே, அதை உடைக்காதே. பந்துக்குத்தான் ஆகாது, முட்டி போய்விடும். மேலே தார்பாய் இழுத்தால் நாலு கேரம் போர்டுக்கு அருமையான இடம். 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம் பக்கத்துப் பெண், ஆகவே கேரமுக்கு ஆள் சேர்க்க நீ பிரசங்கம் பண்ண வேண்டாம். மாலை விளக்குக்கு, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஒயரை இழுக்காதே.

தோட்டத்தைப் பைகளில் மட்டும் வை. 15 லிட்டர் பை அறுபது போதும். செம்மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய உரம் மூன்றும் சம பாகமாக 300 லிட்டர் வீதம். நார்க் கட்டி ஐந்து கிலோ வாங்கினால் ஊறி எழுபது லிட்டர் வரை வரும், ஐந்து கட்டி வாங்கு. உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீர் அலசியே கலக்க வேண்டும். சித்திரை வெயிலில் பைக்கு ஒன்றரை லிட்டர், அதாவது தினம் ஆறு குடம். அதை யார் சுமப்பது என்று பெயர் போட்டு எழுதாவிட்டால் வைகாசியில் பைதான் இருக்கும், செடி இருக்காது. போர் தண்ணீரில் கரைந்த உப்பு எவ்வளவு என்று டி.டி.எஸ். மீட்டரில் பார். 1,500-ஐத் தாண்டினால் அவரையும் முள்ளங்கியும் தாங்காது. பழைய டயரில் செடி வைக்கலாம் என்று யாராவது கிளம்புவார்கள். அதில் தேங்குகிற தண்ணீரில் டெங்கு கொசு ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும். வேண்டவே வேண்டாம்.

பொங்கலுக்குத் திறந்து ஆயுத பூஜைக்கு மூடு. லைசென்ஸை 11 மாதத்துக்குப் போட்டால், மழைக்காலம் பிரித்துக் கணக்கு முடிக்கக் கிடைக்கும். அடுத்த வருடம் வேண்டுமா என்பதை அப்போது அவரே சொல்லட்டும்.

முதலில் ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய், தெருவைவிட மனை எவ்வளவு தாழ்வு, பின்வீட்டு வாசற்படியைவிட எவ்வளவு உயரம் என்று இரண்டையும் அளந்து எழுது. அது தெரியாமல் லாரிக்கு முன்பணம் கொடுத்துவிடாதே.

உன்,
பழைய கூட்டாளி