சனிக்கிழமை மேசை தொடர்பாக எமது வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். எமது கடையின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் ஆர்பிஜி மேசையை, அதாவது ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கூடிக் கதை வளர்க்கும் விளையாட்டை, நடத்திவந்த தம்பி மேற்படிப்புக்காகக் கனடா சென்றுவிட்டதை நீங்கள் அறிவீர்கள். கூத்துக்கு அண்ணாவியார் எப்படியோ, இந்த விளையாட்டுக்குக் கேம் மாஸ்டர் அப்படி; கதையையும் விதிகளையும் ஒருங்கே கையில் வைத்திருக்கும் ஒருவர் இல்லாமல் தாயக்கட்டைகளும் பாத்திரத் தாள்களும் இருந்து பயனில்லை. கல்முனை வரை விசாரித்தும் அவருக்கு ஈடாக ஒருவர் அமையாததால், வேறு நாடுகளில் இயங்கும் குழுக்களுடன் உங்களை இணையவழியாகச் சேர்த்துவிடும் ஏற்பாட்டைத் தொடங்கினோம்.

இதைப் பற்றித்தான் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றிவருகிறது. இணையத்தில் சும்மா கிடைக்கும் குழு முகவரிகளை நாம் காசுக்கு விற்கிறோம் என்பது அதன் சாரம். விலை கூட என்றோ, அறை புழுக்கம் என்றோ சொல்லியிருந்தால் இவ்வளவு நொந்திருக்க மாட்டோம். குழுக்களின் பட்டியலுக்காக எவரிடமும் ஒரு ரூபாவும் நாம் வாங்கியதில்லை. அது கல்லாவுக்கு அருகில் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. படம் பிடித்துச் சென்று வீட்டிலிருந்தே சேர்ந்துகொள்ளலாம், பலர் அப்படிச் சேர்ந்தும் இருக்கிறார்கள். எமது கணினியையும் ஹெட்செட்டையும் இணைய இணைப்பையும் பயன்படுத்துவோரிடம் மட்டுமே இருக்கைக் கட்டணம் பெறுகிறோம். விதிநூல் வாங்கும்படியும் எவரையும் வற்புறுத்தியதில்லை. ஆர்பிஜிகளில் மூத்ததான டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாட்டின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது என்பதையும், அதை எவரும் இலவசமாகத் தரவிறக்கலாம் என்பதையும், அந்த நூலை விற்கும் நாமே புதிதாக வருவோரிடம் முதலில் சொல்கிறோம்.

முகவரி கிடைத்துவிட்டால் குழுவும் கிடைத்துவிட்டது என்று எண்ணுவோருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் மேசைக்கு வரும் விளையாட்டே வேறு. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸிலிருந்துதான் எல்லாம் தொடங்கின என்றாலும், சுவீடன்காரருக்கு 1982இன் டிராகர் ஒக் டெமோனரும், ஜேர்மனியருக்கு 1984இன் டாஸ் ஷ்வார்ட்ஸே ஆவ்கேயும், பிரேசில்காரருக்கு 1999இன் டோர்மென்டாவும் சொந்த மொழியில் வளர்ந்த சொந்த விளையாட்டுகள். ஜப்பானிலோ கால் ஒஃப் குதுலு என்னும் திகில் விளையாட்டுக்கே பெரும் செல்வாக்கு. அங்குள்ள குழுவொன்றிடம் வாளும் மந்திரமும் கேட்டுப் போகிறவர் ஏமாற்றத்துடன் திரும்ப நேரிடும்.

நேரம் அதைவிடச் சிக்கலானது. ஜேர்மனியில் குளிர்காலச் சனிக்கிழமை மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் எமக்கு இரவு 11.30; ரொறன்ரோவில் அதே 7 மணி எமக்கு ஞாயிறு அதிகாலை 5.30. கோடையில் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது இரண்டும் ஒரு மணித்தியாலம் முன்னே வந்துவிடும். இதை அறியாமல் சேர்ந்தவர்கள் இரண்டு தடவை வராதுபோக, குழுவினர் அவர்களின் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மெல்போர்னில் இரவு 8 மணி என்பது எமக்குப் பிற்பகல் 2.30 அல்லது 3.30 ஆகவே இருக்கும், மொழியும் ஆங்கிலம். ஆகையால் முதன்முறை சேர்வோருக்கு அவுஸ்திரேலியக் குழுக்களையே நாம் பரிந்துரைக்கிறோம். கடை இரவு 9 மணிக்கு மூடப்படுவதால் ஐரோப்பியக் குழுக்களில் விளையாட விரும்புவோர் வீட்டிலிருந்தே இணைய வேண்டியிருக்கும்.

பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு: நல்ல குழுக்கள் ஆட்டத்துக்கு முன் 'செஷன் ஸீரோ' என்ற ஓர் அமர்வை வைத்து, கதையில் எவை வரலாம், எவை வரவே கூடாது என்று பேசி முடிவுசெய்கின்றன. அந்த அமர்வில் நீங்களும் அருகில் இருந்து கேட்கலாம். அந்த அமர்வை நடத்தாத எந்தக் குழுவையும் பதினெட்டு வயதுக்குட்பட்ட எவருக்கும் நாம் காட்டுவதில்லை.

ஜேர்மனியில் உறவினர் உள்ளவர்கள் எசன் நகரில் ஒக்டோபர் மாதம் நடக்கும் ஷ்பீல் என்னும் மேசை விளையாட்டுக் கண்காட்சிக்கு ஒருமுறையேனும் போய்வர வேண்டும் என்பது எமது ஆசை. ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கும் அதே மாநிலம்தான். இங்கிருந்து திரையில் பார்த்துப் பழகியவர்களுடன் நேரில் ஒரு மேசையில் அமர அதைவிட நல்ல இடத்தை நாம் அறியோம்.

2022இல் மின்வெட்டும் எரிபொருள் வரிசையுமாக இருந்த நாட்களில் காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் சைக்கிளில் வந்து, விளக்கொளியில் தாயக்கட்டை உருட்டி இந்தக் கடையைத் திறந்திருக்கச் செய்தவர்கள் நீங்கள். அந்த நன்றியை நாம் மறக்கவில்லை, மறக்கவும் முடியாது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானதிலிருந்து கூடிவந்த செலவுகளால் இருக்கைக் கட்டணம் அடுத்த மாதம் முதல் மணித்தியாலத்துக்கு 300 ரூபாவாகும் என்பதையும், முன்பதிவுப் பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்பதையும் பொறுத்தருள்வீர்கள் என நம்புகிறோம்.

குழு தேடுவோர் தமக்குத் தெரிந்த விளையாட்டு, பேசக்கூடிய மொழி, ஓய்வான நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கல்லாவில் கொடுத்தால், பொருத்தமான குழுவை நாமே பார்த்து, அவர்களுடன் பேசிவிட்டு உங்களுக்கு அறிவிப்போம்.

அன்புடன்,
உரிமையாளர்,
மட்டக்களப்பு