பழைய ஃபெரியும் மஞ்சள் கட்டைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு வாசகர் பக்கத்தில், பேரன் பேத்தி எடுத்த வயதிலும், ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி உருவங்கள் கட்டும் லெகோ பிளாஸ்டிக் கட்டைகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருப்பவர்களைப் பற்றி ஓர் அன்பர் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இது குழந்தைத்தனம் அல்லவா என்றும், பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்குப் பெரியவர்கள் பணத்தைக் கொட்டுவது ஏன் என்றும், பெட்டிக்குள் இருக்கும் புத்தகத்தைப் பார்த்து அடுக்குவதில் என்ன திறமை இருக்கிறது என்றும் கேட்டிருந்தார். அவர் சொல்லும் ஆட்களில் நானும் ஒருவன். எனக்கு 63 வயது. பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த், பாகான் டாலாமில் பிறந்து வளர்ந்தவன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் பிளாஸ்டிக் வார்ப்புப் பகுதியில் 31 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றேன். அதனால் முதலில் அந்தக் கட்டையைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

லெகோ கட்டை ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. 1963 முதல் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். என் உழைப்புக் காலம் முழுவதும் அந்த ஏபிஎஸ் குருணையோடுதான் கழிந்தது. மூட்டையைப் பிரித்தவுடன் குருணையை இயந்திரத்தில் கொட்டிவிட முடியாது. ஏறக்குறைய 80 டிகிரி சூட்டில் சில மணி நேரம் உலர்த்த வேண்டும். நம் பினாங்கின் ஈரக் காற்றில் இதில் அலட்சியம் காட்டினால் அன்றைய வேலை போயிற்று. வார்த்த பொருளின் மேல் வெள்ளிக் கீற்றுகள் ஓடும். அச்சின் இரு பாதிகளும் இறுகப் பொருந்தாவிட்டால் ஓரத்தில் பிசிறு வழியும். ஆறும்போது ஏபிஎஸ் சுருங்கும் என்பதால், அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டுத்தான் அச்சையே வெட்ட வேண்டும். இத்தனையையும் சமாளித்து, தலைமுடிப் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிசகு மட்டுமே உள்ள அச்சுகளில் இந்தக் கட்டைகளை வார்க்கிறார்கள். என் மகள் 1990களில் விளையாடிய கட்டையின் மேல் போன மாதம் வாங்கிய கட்டை 'டக்' என்று உட்காருகிறது. இழுத்தால் அதே அழுத்தத்தோடு பிரிகிறது. அந்த ஓசையை முதன்முதலில் கவனித்துக் கேட்ட அன்று, அதைச் செய்த முகம் தெரியாத தொழிலாளியை மனத்துக்குள் கும்பிட்டேன்.

இதைத் தொடங்கியவரும் ஒரு தச்சர்தான். ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்பவர் 1932இல் டென்மார்க்கின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 1949இல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. அவற்றின் உட்புறம் வெறும் கூடாக இருந்ததால், அடுக்கினால் எளிதில் கழன்றுவிடும். 1958இல்தான் உள்ளே சிறு குழாய்களை வைத்தார்கள். கீழ்க்கட்டையின் மேல் துருத்தி நிற்கும் குமிழ்கள் அந்தக் குழாய்க்கும் சுவருக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும். அந்த ஆண்டுக் கட்டை இன்றைய கட்டையோடு இன்னும் சேர்கிறது. நான் வேலை பார்த்த இடத்தில் பத்து ஆண்டுக்கு முந்தைய பொருளுக்கு உதிரி பாகம் கேட்டால் அச்சே இருக்காது.

நான் இதில் இறங்கியது 2020இல். மார்ச் 18இல் கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வீட்டில் முடங்கியிருந்தபோது, படிக்கட்டுக்குக் கீழே இருந்த சாமான்களை ஒழுங்கு செய்தேன். பழைய பிஸ்கட் டின் ஒன்றில் மகளின் கட்டைகள் இருந்தன. வெதுவெதுப்பான நீரில் சோப்பு போட்டுக் கழுவி, துண்டு விரித்து வீட்டு முன் ஐந்தடி நடைபாதையில் காயவைத்தேன். (கொதிநீரில் போடாதீர்கள். 40 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்பது நிறுவனத்தின் அறிவுரை.) படம் எடுத்துக் கோலாலம்பூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பினேன். "அப்பா, இதை நீங்கள் இன்னும் வீசவில்லையா?" என்று அழைத்துக் கேட்டாள். அன்று இரவே அந்தக் கட்டைகளை நிறம் பிரித்து வைத்தேன். மணி இரண்டு ஆனது தெரியவில்லை.

அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதியோடு, பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் இடையே ஓடிய நம் பழைய ஃபெரிகளின் ஓட்டம் நின்றது. என் தந்தையார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தீவுக்கு அழைத்துப் போவார். குவீன் தெரு மாரியம்மன் கோயில், பிறகு மார்க்கெட் தெருவில் ஒரு தோசை, பிறகு திரும்பும் ஃபெரி. பட்டர்வொர்த்திலிருந்து போகும்போதுதான் கட்டணம் வாங்குவார்கள். தீவிலிருந்து வரும்போது கிடையாது. "வீட்டுக்குப் போக யாரும் காசு கேட்க மாட்டார்கள்" என்பார் அப்பா. மேல்தளத்து ஓரத்தில் என்னைக் கம்பியைப் பிடித்து நிற்கவைத்து, முதுகில் கை வைத்திருப்பார். அந்தக் கை இன்றும் எனக்குத் தெரிகிறது. 2023 ஆகஸ்டில் புதிய படகுகள் வந்துவிட்டன. வேகமானவை, வசதியானவை, நானும் அவற்றில்தான் போகிறேன். ஆனால் என் பேரனுக்கு அந்தப் பழைய ஃபெரியைக் காட்ட என்னிடம் மங்கிய இரண்டு புகைப்படங்கள் மட்டுமே இருந்தன. அதைக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

இதற்குப் பெட்டி கிடையாது, புத்தகமும் கிடையாது. அன்பர் இதைக் கவனிக்க வேண்டும். கீழ்த்தளத்தில் நிற்கும் கார் மூன்று குமிழ் அகலம் என்று வைத்துக்கொண்டு, படங்களைப் பார்த்து மற்ற எல்லா அளவையும் அதிலிருந்து கணக்கிட்டேன். 90 குமிழ் நீளம் வந்தது. குமிழுக்கு 8 மில்லிமீட்டர் என்பதால் 72 சென்டிமீட்டர். சிக்கல் முனைகளில்தான். பழைய ஃபெரிக்கு முன், பின் என்று வேறுபாடு இல்லை; திரும்பாமலே இரு பக்கமும் ஓடும். அந்த முனையின் வளைவு நேராக அடுக்கினால் படிக்கட்டு போலத் தெரிந்தது. மூன்று வாரம் பிரித்துப் பிரித்துக் கட்டினேன். வழி காட்டியது ஒரு சின்னக் கணக்கு. சாதாரணக் கட்டையின் உயரம் 9.6 மி.மீ. மெல்லிய தகட்டுக் கட்டை அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2 மி.மீ. ஐந்து தகடுகளை அடுக்கினால் 16 மி.மீ., அதாவது சரியாக இரண்டு குமிழ் அகலம். இது பிடிபட்டுவிட்டால் கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பி, குமிழ் வெளிப்புறம் பார்க்க, மற்றக் கட்டைகளோடு இம்மியும் பிசகாமல் பொருத்தலாம். எனக்கு இது பிடிபட்ட அன்று மாலையே வளைவு வந்துவிட்டது. என் மனைவியைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டுக் காட்டினேன்.

இரு வரிசையில் நான்கு நான்காக எட்டுக் குமிழ் உள்ள கட்டைகள் ஆறு, ஒரே நிறத்தில் இருந்தால், அவற்றை 915,103,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணிதப் பேராசிரியர் ஒருவர் கணினியில் கணக்கிட்டிருக்கிறார். வெறும் ஆறு கட்டைகள்! புத்தகம் பார்த்துக் கட்டுவதையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். இன்னொருவரின் புத்தியைப் படி படியாகத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு அது. சமையல் குறிப்பைப் பார்த்துச் சமைப்பவரைத் திறமையற்றவர் என்று யாரும் சொல்வதில்லை.

பணத்தைப் பற்றி அவர் சொன்னதில் பாதி எனக்கும் உடன்பாடு. 2021இல் வந்த டைட்டானிக் கப்பல் 9,090 துண்டுகள். அதன் விலைக்கு ஒரு குடும்பத்தின் மளிகைச் சாமானை மாதக்கணக்கில் வாங்கலாம். கடன் அட்டையில் அதை வாங்குவது தவறு. பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்து விலை ஏறக் காத்திருப்பவர்களோடும் எனக்கு ஒட்டாது. கட்டப்படாத கட்டை எனக்கு வாசிக்கப்படாத மிருதங்கம் மாதிரி. நான் சேமநிதிப் பணத்தில் கை வைத்ததில்லை. மாதம் 100 ரிங்கிட்டுக்கு மேல் போவதுமில்லை. ஞாயிறு காலை லோரோங் கூலிட் சந்தையில் பழைய சாமான் விரிப்புகளின் முன் குந்தி உட்கார்ந்து, வாளியில் குவிந்திருக்கும் கட்டைகளைப் பொறுக்குகிறேன். ஒவ்வொரு குமிழின் தலையிலும் நிறுவனத்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். இப்போது அதைப் பார்க்க வேண்டியதில்லை, விரல் சொல்லிவிடும். ஒரு முறை மட்டும் இணையத்தில் 'முழுமையானது' என்று சொல்லி ஒருவர் விற்ற பெட்டியில் 43 துண்டுகள் குறைந்தன. மனம் கசந்தது. அன்றிலிருந்து கண்ணால் பார்க்காமல் வாங்குவதில்லை.

சந்தையில் கிடைக்கும் வெள்ளைக் கட்டைகள் பெரும்பாலும் வெயிலில் பழுத்துப்போனவை. மருந்துக்கடையில் வாங்கிய ஹைட்ரஜன் பெராக்சைடில் மூழ்கவைத்து மொட்டை மாடி வெயிலில் ஒரு பகல் வைத்தால் பழுப்பு நன்றாகக் குறையும். கையுறை கட்டாயம், பிள்ளைகளை அருகில் விடக்கூடாது. என் ஃபெரியின் மேல்தளத்தில் உள்ள வெள்ளைக் கட்டைகள் எல்லாம் அப்படி மீட்டவைதான்.

குழந்தைத்தனம் என்ற சொல்லுக்கு வருகிறேன், அதுதான் என்னைத் தைத்தது. அந்த நிறுவனமே 2020 முதல் கறுப்புப் பெட்டிகளில் 18+ என்று அச்சிட்டு, பெரியவர்களுக்கென்று தனியாகவே விற்கிறது. ஆனால் நமக்கு அந்தச் சான்று தேவையில்லை. நவராத்திரியில் கொலு வைக்கும் வீடுகளில் படி கட்டுவது யார்? என் மாமியார் தம் எழுபது வயதில் படிக்குக் கீழே மணல் பரப்பி, கண்ணாடித் துண்டில் தெப்பக்குளம் செய்து, கடுகு முளைக்கவைத்து வயல் அமைப்பார். தீக்குச்சியில் வேலி போடுவார். மூன்று நாள் முதுகு வலிக்க வேலை செய்வார். பார்க்க வந்தவர்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்களே தவிர, குழந்தை என்று சொல்லவில்லை. போன ஆண்டு என் மனைவி வைத்த கொலுவில் அந்தக் கண்ணாடிக் குளத்துக்குப் பதில் நீலத் துணி விரித்து, பாதி முடிந்த என் ஃபெரியை நிறுத்தினோம். பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி வந்து, ஒன்றும் பேசாமல் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தாம் வேலைக்குப் போன நாள்களில் எந்தப் பக்கம் உட்காருவார் என்று விரலால் தொட்டுக் காட்டினார்.

என்னோடு ஓய்வு பெற்ற நண்பர்கள் பலர் கைவேலை நின்றதும் வாடிப்போனார்கள். முப்பது ஆண்டு அச்சும் கருவியும் பிடித்த கை, தொலைக்காட்சியின் ரிமோட்டோடு எப்படி அமைதி கொள்ளும்? அவர்களில் இருவர் இப்போது சனிக்கிழமை மாலைகளில் என் வீட்டு மேசைக்கு வருகிறார்கள். ஒருவர் கொம்தார் கட்டடத்தின் மாடிகளையெல்லாம் எண்ணித் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் எதையும் கட்டுவதில்லை. நிறம் பிரித்துக் கொடுக்கிறார், அதுவே தமக்குப் போதும் என்கிறார்.

பினாங்கு, பட்டர்வொர்த் வட்டார வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் வளர்ந்து போன வீடுகளில் இப்படி ஒரு டின் எங்காவது கிடக்கும். தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது அதைக் குப்பையில் போடாதீர்கள். யாரிடமாவது மஞ்சள் நிறத்தில் இரட்டைக் குமிழ்க் கட்டைகள் இருந்தால் ஆசிரியர் வழியாகத் தெரிவியுங்கள். உரிய விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். மேல்தளத்தின் ஓரச் சுவர் முடிய இன்னும் 60 கட்டைகள் தேவை. அப்பாவும் நானும் நின்ற பக்கத்தைக் கடைசியாகக் கட்டுவதற்கு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வார்ப்புத் தொழிலாளி,
பாகான் டாலாம், பட்டர்வொர்த்