கடைசியில் ஓடும் பெயர்களை ஓடவிடுங்கள்: ஓடிடி நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் மற்ற ஓடிடிக்காரர்கள் எல்லாம் ஏதோ யோக்கியர்கள் என்று ஆகிவிடும். இந்த விஷயத்தில் எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான். ஆனாலும் நான் வருடச் சந்தா கட்டுவது உங்களுக்கு என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

சமீபத்தில் செயலியைப் புதுப்பித்தீர்களே, அதில் என்ன செய்தீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததுமே திரை சுருங்கி ஒரு மூலைக்குத் தீப்பெட்டி அளவில் போய்விடுகிறது. மீதி இடம் முழுக்க நான் கேட்காத வேறு ஏதோ படத்தின் விளம்பரம், அதன் கீழே 5, 4, 3 என்று எண்ணிக்கை. முன்பாவது பெயர்களைப் பார்க்க ஒரு பொத்தான் இருந்தது. தேடிப் பிடித்து அமுக்கினால் திரை பழையபடி விரியும். இப்போது அதையும் தூக்கிவிட்டீர்கள். அமைப்புகளில் போய்த் தானாக ஓடுவதை நிறுத்தி வைத்தாலும் எண்ணிக்கைதான் போகிறது, திரை சுருங்குவது போகவில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். படம் முடிந்த பிறகு ஓடும் பெயர்களை முழுத் திரையில், முழுதாக ஓடவிடுங்கள்.

இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். தோன்றும்தான், அதனால்தான் அந்தப் பொத்தானைத் தூக்கியிருக்கிறீர்கள். எனக்கு ஏன் பெரிய விஷயம் என்று சொல்கிறேன்.

உங்களிடம் ‘தி லாஸ்ட் சாமுராய்’ இருக்கிறது. 2003இல் வந்த படம். டாம் க்ரூஸைச் சாமுராய்கள் பிடித்து மலைக் கிராமத்துக்குக் கொண்டுபோன பிறகு, அவர் எங்கே நடந்தாலும் நாலடி பின்னால் வாளோடு ஒரு பெரியவர் வந்துகொண்டே இருப்பார். வாயே திறக்க மாட்டார். க்ரூஸ் பேச்சுக் கொடுத்துப் பார்த்து, கிண்டல் செய்து பார்த்து, கடைசியில் தானாகவே அவருக்கு ‘பாப்’ என்று ஒரு பெயரை வைத்துக் கூப்பிடுவார். அதற்கும் பதில் வராது. இறுதிப் போரில் ஒரே ஒரு தடவை, க்ரூஸின் பாத்திரப் பெயரைச் சொல்லி “ஆல்கிரென் சான்!” என்று கத்திவிட்டு, க்ரூஸுக்கு வந்த குண்டைத் தான் வாங்கிக்கொண்டு செத்துப்போவார். மொத்தப் படத்திலும் அவருக்கு வசனம் அவ்வளவுதான். கதையில் அவருக்குப் பெயரே கிடையாது. அந்த மனிதருக்குப் பெயர் என்று ஒன்று வரும் ஒரே இடம், கடைசியில் ஓடும் பட்டியலில் ஒரு வரி: சைலண்ட் சாமுராய், செய்ஸோ ஃபுகுமோட்டோ.

அந்த வரியைத்தான் என் அண்ணன் மகளுக்குக் காட்ட நினைத்தேன். “சித்தப்பா, அந்தப் பேசாத தாத்தா யாரு?” என்று கேட்டாள். பெயர் வரும், பார் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் திரை சுருங்கிவிட்டது. ரிமோட்டை எடுத்தால் வெளிச்சம் ஏற்கெனவே ‘இப்போதே பார்’ என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மேலே அமுக்கினால் அசையவில்லை. இடது பக்கம் அமுக்கினால் இன்னொரு விளம்பரத்துக்குப் போகிறது. பின்னால் போகும் பொத்தானை அமுக்கினால் முகப்புக்கே தூக்கி எறிந்துவிடுகிறது. சரி என்று மறுபடி படத்துக்குள் போனால், நீங்கள்தான் இதைப் பார்த்து முடித்துவிட்டீர்களே என்று முதல் காட்சியிலிருந்து ஆரம்பிக்கிறது. 154 நிமிடப் படம் அது. ஒரு அமுக்குக்குப் பத்து நொடி நகரும் ரிமோட். கட்டைவிரல் வலிக்க வலிக்கக் கடைசிவரை தள்ளிக்கொண்டு போனால், பெயர்கள் வருகின்றன, உடனே திரை சுருங்குகிறது. பிள்ளை எழுந்து தூங்கப் போய்விட்டாள்.

அந்தத் தீப்பெட்டிக்குள் பெயர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அதையும் சொல்ல வேண்டும். டிவிக்கு ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தேன். வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தன.

யார் இந்த ஃபுகுமோட்டோ என்று நீங்கள் கேட்கப்போவதில்லை. உங்களிடம் சாமுராய் படங்களுக்கென்று தனி வரிசையே இருக்கிறது, அதை நம்பித்தான் சந்தா கட்டினேன். இருந்தாலும் பொத்தானைத் தூக்கிய பிரிவில் இருப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

1943இல் ஹியோகோ மாநிலத்தில் கடலோர ஊர் ஒன்றில் பிறந்தவர். 15 வயதில் கியோட்டோவில் உள்ள தோயெய் ஸ்டூடியோவில் சேர்ந்தார். அங்கே நட்சத்திரங்களுக்குத் தனி அறை, மற்றவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பெரிய அறை. அந்தப் பெரிய அறை ஆட்களில் ஒருவராகத்தான் வாழ்க்கை முழுக்க இருந்தார். அவர் வேலை வெட்டுப்படுவது. ஜப்பானியச் சரித்திரப் படங்களில், தொலைக்காட்சித் தொடர்களில், கடைசிப் பத்து நிமிடத்தில் கதாநாயகன் வாளை உருவியதும் நாலாபக்கமும் இருந்து பாய்ந்து வந்து விழுவார்களே அடியாட்கள், அவர்களில் ஒருவர். அதற்கென்றே அங்கே ஒரு தொழில் இருக்கிறது, அதில் தேர்ந்தவர்களுக்கு மரியாதையும் இருக்கிறது. வாள் நிஜ வாள் இல்லை, மூங்கில் பட்டையில் வெள்ளித் தாள் ஒட்டியது. அது மேலே படாமலேயே பட்டதுபோலக் காட்டுவது முழுக்க முழுக்க வெட்டுப்படுகிறவர் கையில்தான். அவர் சரியாக விழாவிட்டால் கதாநாயகனின் வாளுக்கு என்ன மதிப்பு?

ஃபுகுமோட்டோவின் கைவண்ணம் விழுவதில் இருந்தது. முன்னால் குப்புற விழுந்தால் முகம் தெரியாது, செத்தது யார் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் பின்பக்கமாக இறால் வளைவதுபோல உடம்பை வளைத்து, ஒரு கணம் அப்படியே நின்று, கேமராவுக்கு முகம் தெரிகிற மாதிரி விழுவார். வருடக்கணக்காகப் பழகிச் செய்த வித்தை. ‘ஐம்பதாயிரம் தடவை வெட்டுப்பட்டவர்’ என்று ஜப்பானில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. யார் உட்கார்ந்து எண்ணினார்களோ தெரியாது. ஆனால் ஒரே சண்டையில் செத்து, ஓரமாக எழுந்து போய், இன்னொரு பக்கத்திலிருந்து ஓடி வந்து மறுபடி சாகிற தொழிலில் அரை நூற்றாண்டு இருந்தவருக்கு அந்த எண்ணிக்கை ஒன்றும் மலைப்பில்லை.

இத்தனை தடவை செத்தவருக்குப் படங்களில் பெயர் வந்தது கொஞ்சம்தான். பெரிய அறை ஆட்களின் பெயரை எங்கே போட்டார்கள்? 60 வயதில் ஸ்டூடியோ ஓய்வு வயது வந்த காலத்தில்தான் ஹாலிவுட்காரர்கள் அவரை அந்தப் பேசாத சாமுராயாக நடிக்க வைத்தார்கள். முதல் தடவையாகக் கதாநாயகனாக நடித்தது 70 வயதைத் தாண்டிய பிறகு, 2014இல் வந்த ‘உஸுமாசா லைம்லைட்’ படத்தில். கிட்டத்தட்ட தன் கதையையே நடித்தார். பல வருடம் ஓடிய சாமுராய்த் தொடர் நிறுத்தப்பட்டதும் வேலையில்லாமல் நிற்கும் ஒரு கிழட்டு அடியாளின் கதை. அது கற்பனையும் இல்லை. 1969இல் தொடங்கிய ‘மிதோ கோமோன்’ தொடர் 2011இல் நிறுத்தப்பட்டபோது கியோட்டோ ஸ்டூடியோக்களில் எத்தனை பேருக்குப் பிழைப்பு ஆட்டம் கண்டது என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மான்ட்ரியாலில் நடக்கும் ஃபாண்டேசியா திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள். 2021 ஜனவரி 1 அன்று நுரையீரல் புற்றுநோயில் இறந்துபோனார். வயது 77.

அவருடைய வாழ்க்கை நினைவுகள் புத்தகமாக வந்திருக்கிறது. அதன் தலைப்பு ‘எங்கோ யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’. கும்பலில் ஒருவராக விழுந்துகொண்டே இருந்த மனிதர் அந்த நம்பிக்கையை வைத்துத்தான் ஒவ்வொரு சாவையும் ஒழுங்காகச் செத்திருக்கிறார். பார்க்க நாங்கள் தயாராகத்தான் இருக்கிறோம் ஐயா, நீங்கள்தான் ஐந்து நொடிக்கு மேல் விட மாட்டேன் என்கிறீர்கள்.

இதைப் பற்றி உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது, அதற்கு நன்றி. செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார்கள். நிறுவினேன். அப்புறம் கேச்சை அழிக்கச் சொன்னார்கள். அழித்தேன். இது பழுதில்லை, நீங்களே வேண்டுமென்று செய்தது என்று மறுபடி எழுதினேன். என் ரிமோட்டின் மாடல் எண்ணைக் கேட்டார்கள். கடைசியில் எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு படிவம் வந்தது. அதற்கு மட்டும் திரை சுருங்கவில்லை.

உங்கள் தேடுபெட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஃபுகுமோட்டோ என்று தேடினால் நாலு அனிமே தொடரும் ஒரு சமையல் போட்டியும் வருகின்றன. அவர் நடித்த படம் உங்களிடமே இருக்கிறது, வரவில்லை. காரணம், ஒரு படத்துக்கு நீங்கள் பதிந்து வைத்திருப்பது மூன்று பெயர்கள். க்ரூஸ், கென் வாடனபே, அப்புறம் இயக்குநர் எட்வர்ட் ஸ்விக். அதே படத்தில் நடித்த ஹிரோயுகி சனாடாவுக்கே அந்தப் பட்டியலில் இடமில்லை என்றால் மற்றவர்கள் எந்த மூலைக்கு? ஆனால் படத்தின் முகப்புப் படத்தை மட்டும் ஆளுக்குத் தகுந்த மாதிரி மாற்றி மாற்றிக் காட்டத் தெரிகிறது. போன வாரம் எனக்குக் குதிரை வந்தது, இந்த வாரம் முத்தம் கொடுக்கிற மாதிரி ஒன்று வருகிறது. இவ்வளவு புத்தி இருக்கிற இயந்திரத்துக்கு நாலாவதாக ஒரு பெயரை ஞாபகம் வைக்க முடியவில்லையா?

நீங்கள்தான் முதல் ஆள் என்று சொல்லவில்லை. பக்கத்தில் நிற்கிற நடிகர்களை வெட்டுவது பழைய வழக்கம். தகாஷி ஷிமுராவை எடுத்துக்கொள்ளுங்கள். ‘செவன் சாமுராய்’ படத்தில் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு ஏழு பேருக்கும் தலைவராக வருவாரே, அவர். அதே 1954இல் ‘காட்ஸில்லா’விலும் வயதான விஞ்ஞானியாக நடித்தார். அந்தப் படத்தை அமெரிக்காவுக்கு எடுத்துப் போனவர்கள் 96 நிமிடத்தை 80 ஆக்கி, அதற்குள் ஒரு அமெரிக்க நிருபரையும் புதிதாகப் படம் பிடித்து நுழைத்து 1956இல் வெளியிட்டார்கள். பிறகு 1980இல், ‘செவன் சாமுராய்’ எடுத்த இயக்குநர் குரோசாவா தன் பழைய நண்பர் ஷிமுராவுக்காகவே ‘ககெமுஷா’வில் ஒரு சின்னப் பாத்திரம் எழுதினார். மேற்கு நாடுகளுக்குப் போன பிரதியில் அந்தக் காட்சியையே வெட்டிவிட்டார்கள். ஷிமுரா அந்தப் படத்தில் இருக்கிறார் என்பதே அங்கே பலருக்கு டிவிடி வந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், 1982இல்.

அவர்களாவது படச்சுருள் நீளம், தியேட்டர் நேரம் என்று ஏதோ காரணம் சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு என்ன அவசரம்? உங்கள் தியேட்டரில் அடுத்த காட்சிக்கு யாரும் வாசலில் வரிசை கட்டி நிற்கவில்லையே. நான் என் வீட்டில், என் நாற்காலியில், என் மின்சாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் நாலு நிமிடம் பெயர் பார்த்துவிட்டுப் படுக்கப் போகிறேன் என்பதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? அந்த நாலு நிமிடத்தில் டிவியை அணைத்துவிடுவேனோ என்ற பயம்தானே? அணைக்கத்தான் செய்வேன். தூக்கம் வந்தால் மனுஷன் தூங்கத்தானே வேண்டும்.

கோபம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. கேட்க வந்ததை மறுபடி ஒழுங்காகக் கேட்டுவிடுகிறேன்.

தயவுசெய்து பெயர்களை முழுத் திரையில் ஓடவிடுங்கள். அவசரக்காரர்கள் இருப்பார்கள், அவர்களுக்குத் தாண்டிப்போக ஒரு பொத்தான் ஓரமாக இருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தானாகச் சுருங்குவதுதான் வேண்டாம். அதுவும் முடியாது என்றால், அமைப்புகளில் ஒரு தேர்வாவது கொடுங்கள், ஒரு தடவை மாற்றினால் மாறினபடி இருக்கிற மாதிரி. பழைய ஜப்பானியப் படங்களில் பெயர்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வந்துவிடும் என்பதால், ‘அறிமுகத்தைத் தாண்டு’ என்கிற பொத்தானையும் அந்தப் படங்களில் கொஞ்சம் அடக்கி வையுங்கள். அப்படியே நடிகர் பட்டியலில் படத்தில் உள்ள எல்லாப் பெயர்களையும் சேர்த்துவிட்டால் தேடும்போது கிடைக்கும். இது கொஞ்சம் வேலை பிடிக்கும் என்று தெரியும், பொறுத்துக்கொள்கிறேன். பெயர்களை ஓடவிடுவது அப்படியில்லை. போன பதிப்புவரை இருந்த பொத்தான்தானே, திருப்பி வைத்தால் போதும்.

என் சந்தா வருகிற மாதம் முடிகிறது. மிரட்டலுக்காகச் சொல்லவில்லை, புதுப்பிக்கச் சொல்லி நீங்கள் தினமும் அனுப்பும் மின்னஞ்சல்களுக்கும் சேர்த்து இதையே பதிலாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். பதில் எழுதுவதாக இருந்தால், கேச்சை அழிக்கச் சொல்லாத பதிலாக இருக்கட்டும்.

நன்றி.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர் ஒருவர்