வயிற்றுக்குள் சர்க்கரைத் தண்ணீரா?

கல்லிடைக்குறிச்சி,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள கூட்டாளிக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் வயிற்று டயாலிசிஸ் பை மாற்றிக்கொண்டிருந்தேன். சிறுநீரகம் செய்யாத வேலையை, குழாய் வழியே வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் வைத்து, பிறகு வடிக்கிற திரவம் செய்கிறது. அந்த நேரத்தில் காகிதத்தைத் தொட்டால் உன் மதினி என்னைத் தொலைத்துவிடுவாள். முடித்துவிட்டுத்தான் பிரித்தேன்.

இதே டயாலிசிஸைத் தொடங்கப்போகும் வள்ளியூர் அத்தான், உன் கடிதம் வழியாகக் கேட்டதில் தப்பே இல்லை. "இருபது வருஷமாகச் சர்க்கரையைக் கண்ணில் காட்டாதே என்று சொல்லிவிட்டு, இப்போது வயிற்றுக்குள் இரண்டு லிட்டர் சர்க்கரைத் தண்ணீரை விடு என்கிறார்களே, இது என்ன நியாயம்?" வேதியியல் வாத்தியாரான எனக்கே இந்தச் சந்தேகம் பை மாற்றத் தொடங்கி மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. அவர் தொடங்குமுன்பே கேட்டுவிட்டார்.

ரத்தத்தில் தேங்கிய யூரியாவும் பொட்டாசியமும் வயிற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வைத் தாண்டித் தாமாகவே திரவத்துக்கு வந்துவிடும். உடம்பில் தேங்கிய தண்ணீர் அப்படி வராது, இழுத்தால்தான் வரும். ஊறுகாய்ச் சாடியில் எலுமிச்சைச் சாற்றை உப்பு இழுக்கிறதே, அந்த வேலைக்குத்தான் இங்கே சர்க்கரை. எனக்கு வரும் இரண்டு லிட்டர் பைகளில் சர்க்கரை எவ்வளவு என்பதை வளையத்தின் நிறம் சொல்லும்: மஞ்சள் 1.5 சதவீதம், பச்சை 2.5, சிவப்பு 4.25. ஒரு பச்சைப் பையில் 50 கிராம் சர்க்கரை. சிக்கல் என்னவென்றால், தண்ணீரை இழுக்க வந்த சர்க்கரை சும்மா இருப்பதில்லை. நாலைந்து மணி நேரத்தில் பாதிக்கு மேல் உடம்புக்குள் குடியேறிவிடுகிறது. இழுவையும் அத்தோடு நின்றுவிடும். அத்தானுக்கு இன்சுலின் அளவைக் கூட்டவேண்டி வரலாம், டாக்டரிடம் முன்கூட்டியே கேட்கச் சொல்.

அதைவிடப் பெரிய கவலை சவ்வைப் பற்றியது. வருஷக்கணக்கில் சர்க்கரையில் நனைந்தால் சவ்வு தடிக்கிறது, அதில் புது ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. குழாய் கூடினால் சர்க்கரை இன்னும் சீக்கிரம் உள்ளே போகும், தண்ணீர் குறைவாக வரும். அப்புறம் சிவப்பு வளையம். அது சவ்வை இன்னும் கெடுக்கும்.

பையைத் தயாரிக்கும்போதே இன்னொரு வினை சேருகிறது. திருநெல்வேலிக்காரனுக்கு இதற்குத் தனிப் பாடம் வேண்டாம். அல்வாவுக்கு அந்த நிறம் எப்படி வருகிறது? சூட்டில் சர்க்கரை முறுகி வருகிறது. பையை 121 டிகிரியில் வைத்துக் கிருமி நீக்கும்போதும் சர்க்கரை கொஞ்சம் சிதைகிறது. மெத்தில்கிளையாக்சால், ஃபார்மால்டிஹைடு என்று சவ்வுக்கு ஆகாத சரக்கெல்லாம் பிறக்கிறது. அமிலத்தன்மை இருந்தால் சிதைவு குறையும். அதனால்தான் பழைய வகைத் திரவத்தின் பி.எச். அளவு (எண் குறைந்தால் அமிலம் கூடுதல்) 5.5 பக்கம் நிற்கிறது. நம் ரத்தத்துக்கோ 7.4. முதல் வாரம் திரவம் உள்ளே இறங்கும்போது அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு எரிச்சல் இருந்தது. நர்ஸ் பழகிவிடும் என்றார். பழகிவிட்டது என்பதும் உண்மைதான்.

அமிலத்தை முறிக்கிற பைகார்பனேட் சேர்த்து நடுநிலைக்குக் கொண்டுவரலாமே என்பாய். அதே பையில் கால்சியம் இருக்கிறதே! இரண்டும் சேர்ந்தால் வெந்நீர் போடும் பாத்திரத்தில் படிகிற வெள்ளைக் காரைதான். அதனால் லிட்டருக்கு 40 மில்லிமோல் கணக்கில் லாக்டேட் போடுகிறார்கள், அது உடம்புக்குள் போய்ப் பைகார்பனேட்டாக மாறிக்கொள்ளும். ஒரு காலத்தில் அசிடேட்டும் போட்டுப் பார்த்து, சிலருக்குச் சவ்வு தடித்துக் குடலையே இறுக்கியதைக் கண்டபின் கைவிட்டார்கள்.

இந்த முடிச்சை அவிழ்த்த விதம்தான் எனக்குப் பிடித்தது. பையை இரண்டு அறையாக்கிவிட்டார்கள். ஒன்றில் நல்ல அமிலத்தில் சர்க்கரை, மற்றொன்றில் லாக்டேட்டோ பைகார்பனேட்டோ. ஏற்றுவதற்கு முன் நடுத்தடுப்பை அமுக்கி உடைத்தால் கலந்து நடுநிலைக்கு வந்துவிடும். 2012இல் வெளியான ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, சிங்கப்பூர் ஆய்வு ஒன்று பழைய வகையையும் இந்தப் புது வகையையும் ஒப்பிட்டது, 185 பேர் சேர்ந்தது. முக்கியமாகப் பார்க்க நினைத்தது சிறுநீரகத்தின் மிச்சச் செயல்பாடு குறையும் வேகத்தை, அதில் உறுதியான வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆனால் புது வகைப் பைக்காரர்களுக்குச் சிறுநீர் அடியோடு நின்றுபோவது தள்ளிப்போனது. நாளுக்கு ஒரு டம்ளர் சிறுநீர் போனாலும் அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது என்னைப் போன்றவனுக்குத்தான் தெரியும். எனக்கு வருவது பழைய வகைதான். விலை ஒரு காரணம்.

அத்தானுக்கு முக்கியமானது இனிமேல்தான். சர்க்கரைக்குப் பதில் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவம் இருக்கிறது. மக்காச்சோள மாவிலிருந்து எடுத்த, குளுக்கோஸ்கள் கோத்த நீளச் சங்கிலி, 7.5 சதவீதம். பெரிய மூலக்கூறு என்பதால் மெதுவாகத்தான் உள்ளே போகும், இரவு முழுக்க நின்று தண்ணீர் இழுக்கும். நாளுக்கு ஒரு பைதான். சர்க்கரை நோயாளிக்கு நல்ல செய்தி, ஆனால் ஒரு கண்ணி உண்டு. அது உடம்பில் மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையாக உடைகிறது. ஜி.டி.எச்-பி.க்யூ.க்யூ. என்ற வகை ஸ்ட்ரிப் போட்ட குளுக்கோமீட்டருக்கு மால்டோஸும் குளுக்கோஸும் ஒன்றுதான். சர்க்கரை எகிறிவிட்டது என்று அது காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் நிஜச் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய் ஆளே மயங்கிவிடுவார், உயிருக்கே ஆபத்து. பையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்தப் பொய்க்கணக்கு நீடிக்கலாம். அந்தத் திரவத்தை எழுதிக்கொடுத்தால் மீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் டாக்டரிடம் காட்டாமல் தொடங்கவேண்டாம் என்று சொல். அக்காவிடமும் சொல், அத்தான் மறந்துவிடுவார்.

சர்க்கரையைக் குறைத்துக் கார்னிடைன், சைலிட்டால் என்ற வேறு பொருள்களைக் கலந்தும் சோதித்து வருகிறார்கள். நம் கைக்கு வரும்போது பார்க்கலாம்.

இத்தனை குறை சொல்லியும் நான் ஏன் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பாய். 2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கிறதா? தாமிரபரணி கரைபுரண்டு, ரோடு அறுந்து, கரண்டும் இல்லை. வாரம் மூன்று முறை டவுனுக்கு ரத்த டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் பட்ட பாட்டைப் பிறகு கேள்விப்பட்டேன். எதிர்வீட்டுப் பையன்கள் என் பெட்டிகளைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டிலில் அடுக்கினார்கள். பையைச் சூடாக்க வழியில்லை. போர்வைக்குள் வைத்து ஒரு மணி நேரம் கட்டிப்பிடித்துப் படுத்திருந்தேன். பேரன் பார்த்துவிட்டு, "தாத்தா பிள்ளை பெற்றிருக்கிறார்" என்றான். உள்ளே இறங்கியபோது குளிரில் பல் கிட்டியது. ஆனால் இறங்கியது. ஆணியில் தொங்கவிட்டால் தானே இறங்கும், அதற்குக் கரண்ட் எதற்கு?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது உண்டு. வள்ளியூரில் விசாரிக்கச் சொல்.

அத்தானை ஒருநாள் காலை பதினொரு மணிக்கு இங்கே அனுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். வடிந்த பைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்து எழுத்துத் தெரிகிறதா என்று பார்ப்பேன், கலங்கியிருந்தால் தொற்று. அதை அவரையே படிக்கச் சொல்கிறேன். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் மாற்றுவது வழக்கம். வியர்க்கும், ஒரு துண்டு கொண்டுவரச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்