பெயிண்ட் அடிக்கும் முன் வெல்டைப் பாருங்கள்: சான்று வழங்கும் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், நகர் ஊரமைப்பு இயக்ககம், பொதுக் கட்டட உரிமம் வழங்கும் வட்டாட்சியர்கள், தமிழ்நாடு.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

சித்திரை, வைகாசியில் இடியோடு ஒரு மழை பெய்தால் மறுநாள் செய்தித்தாளில் அந்த வரி வந்துவிடும்: "சூறைக்காற்றில் ஷெட் சரிந்தது." நெல் அரவை ஆலை, நூற்பாலைக் குடோன், கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம், பள்ளியின் விளையாட்டரங்கக் கூரை என்று இடம் மட்டும் மாறும். காரணம் மாறுவதில்லை. காற்றின் மேல் பழியைப் போட்டுக் கோப்பை மூடிவிட்டால் வேறு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இரும்புக் கட்டுமானத் தொழிலில் இருக்கும் எங்களால் இந்தக் காரணத்தை இனியும் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

காற்றின் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதிப்படி கோவைக்கும் மதுரைக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47, சென்னைக்கு 50. நொடிக்கு 39 மீட்டர் என்றால் மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 93 கிலோ அழுத்தம் வரும். கோடை இடிமழையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தது என்றே வைத்துக்கொள்வோம். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் சதுர மீட்டருக்கு 30 கிலோதான் வரும். வடிவமைப்பில் எடுத்துக்கொண்டிருக்க வேண்டிய அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கே ஒரு கூரை விழுகிறது என்றால் குற்றம் கூரையில் இருக்கிறது. எங்கள் அனுபவத்தில், கூரையில் எங்கே என்று தேடினால் பெரும்பாலும் வெல்டில் போய் நிற்கும்.

அப்படியானால் அந்த மோசமான வெல்டு மூன்று வருடம், ஐந்து வருடம் எப்படித் தாங்கியது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரும்பு ஷெட் எடை குறைந்த கட்டடம். அரை மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 5 கிலோ கூட வராது. தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின், அதைத் தாங்கும் சாய்வு விட்டமான ராஃப்டர் எல்லாம் சேர்த்தாலும் பல ஷெட்டுகளில் 30 கிலோவுக்குள் அடங்கிவிடும். காற்று இந்தக் கூரையை அமுக்குவதைவிட மேலே தூக்குவதுதான் அதிகம். பெரிய கதவு திறந்து கிடந்தால் உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து சேர்ந்து தள்ளும். சாதாரண நாளில் அழுத்தத்தில் இருக்கும் இணைப்பு அந்த நிமிடத்தில் இழுவைக்கு மாறிவிடுகிறது. அழுத்தத்தில் இருக்கும்வரை ஒட்டாத வெல்டும் நிற்கும், ஏனென்றால் இரும்பின் மேல் இரும்பு உட்கார்ந்திருக்கிறது. இழுக்கும்போதுதான் ஒட்டியிருக்கிறதா என்பது தெரியும். "இத்தனை வருடம் நின்றதே" என்ற வாதம் எதையும் நிரூபிக்கவில்லை. அதுவரை அந்த வெல்டை யாரும் சோதிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரே ஒரு இணைப்பை எடுத்து, முறையையும் நடப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறோம். ராஃப்டர் நீளம் போதாமல் சைட்டிலேயே இரண்டு துண்டுகளைச் சேர்க்கிறார்கள். 150 மி.மீ. அகலம், 12 மி.மீ. தடிமன் உள்ள ஃபிளாஞ்ச், அதாவது ராஃப்டரின் மேல் அல்லது கீழ்ப் பட்டை. முழுமையாக வெல்டு ஆகியிருந்தால் ஏறக்குறைய 40 டன் இழுவிசையைத் தாங்க வேண்டிய இடம். முறை என்ன? இரண்டு முனைகளையும் சாய்வாக வெட்டி, சேர்த்தால் 60 டிகிரி 'வி' வரும்படி கிரைண்டரில் சீவ வேண்டும். அடியில் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி விட வேண்டும். 2.5 மி.மீ. வெல்டிங் ராடில் அடி அடுக்கான ரூட் ரன் ஓட்டி, கசடை முழுவதும் தட்டி, பிரஷ் போட்டு, அதன்மேல் 3.15 மி.மீ. ராடில் அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். பின்பக்கம் சீவி, அங்கேயும் ஒரு ரன் ஓட்ட வேண்டும்.

நடப்பது என்ன? சாய்வு வெட்டுவதில்லை. கேஸ் கட்டரில் அறுத்த முனையை அப்படியே முட்ட வைத்து மேலே ஒரு ரன் ஓட்டுகிறார்கள். உருகிப் பிடிப்பது 3 மி.மீ. ஆழம். மீதி 9 மி.மீ. வெறுமனே தொட்டுக்கொண்டு நிற்கிறது. அதாவது 40 டன் தாங்க வேண்டிய இணைப்பு 10 டன்னுக்கு வந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் பிடித்திருப்பதால் இழுக்கும்போது அது வளைந்து கிழியும், அந்த 10 டன்னும் முழுசாகக் கிடைக்காது. அறுத்தது கோணலாகி இடைவெளி பெரிதாகிவிட்டால் இன்னும் மோசம். 8 மி.மீ. கம்பித் துண்டு ஒன்றையோ, எரிந்து தீர்ந்த ராடின் மிச்சத்தையோ இடைவெளியில் செருகி மேலே பூசிவிடுகிறார்கள். பிறகு கிரைண்டர் போட்டு மழமழவென்று தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்துவிட்டால், முறையாகச் செய்த வெல்டைவிட இது அழகாகத் தெரியும். சான்று தர வருகிற பொறியாளர் தரையில் நின்று 6 மீட்டர் உயரத்தில் பார்ப்பது இந்த அழகைத்தான்.

எனவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. பெயிண்ட் அடிப்பதற்கு முன் எடுத்த வெல்டு சோதனைப் பதிவு இல்லாமல் எந்த இரும்புக் கூரைக் கட்டடத்துக்கும் உறுதிச் சான்றை ஏற்காதீர்கள்.

வெல்டர்கள் வேலை தெரியாதவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கூலி போடும் முறை அப்படி. ஃபேப்ரிகேஷன் கூலி கிலோ கணக்கு. ஐ.எஸ்.எம்.பி. 200 பீம் ஒரு மீட்டர் ஏற்றினால் சுமார் 25 கிலோ பில்லில் ஏறும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 6 மி.மீ. ஃபில்லெட் வெல்டு (இரண்டு தகடுகள் சேரும் மூலையில் போடும் முக்கோண வெல்டு) முறையாகப் போட்டால் கூடுகிற இரும்பு 140 கிராம். அந்த 140 கிராமுக்கு ஏழெட்டு ராடு வேண்டும், மின்சாரம் வேண்டும், கசடு தட்ட ஆள் வேண்டும், நேரம் வேண்டும். பில்லில் அதற்கு ஒன்றும் கிடையாது. எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று தேடுகிற ஒப்பந்ததாரருக்கு வெல்டுதான் முதலில் கண்ணில் படும். வரைபடத்தில் 6 மி.மீ. என்று இருப்பது சைட்டில் 4 ஆகிறது. பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று, ராடில் பாதிக்கு மேல் மிச்சம். தொடர்ச்சியாக ஓட்ட வேண்டியதை டாக் டாக்காக, அங்கங்கே ஒரு பொட்டாக விட்டுவிட்டால் இன்னும் மிச்சம்.

இரும்புக் கட்டுமானத்துக்கான தரநிலை ஐ.எஸ். 800 இதையெல்லாம் சொல்லாமல் விட்டுவிடவில்லை. தடித்த தகடு 10 மி.மீ. வரை என்றால் குறைந்தது 3 மி.மீ. ஃபில்லெட், 10-க்கு மேல் 20 வரை 5 மி.மீ., 20-க்கு மேல் 32 வரை 6 மி.மீ. என்று அட்டவணையே இருக்கிறது. பட்டறையில் போடும் வெல்டுக்குப் பாதுகாப்புக் காரணி 1.25, சைட்டில் போடுவதற்கு 1.5. சைட் வெல்டை அதே அளவு நம்ப முடியாது என்று விதியே ஒப்புக்கொள்கிறது. ஆனால் நம் ஊர் ஷெட்டுகளில் முக்கியமான இணைப்புகள்தான் சைட்டில், அந்தரத்தில், சாரம்கூட இல்லாமல் போடப்படுகின்றன. பர்லினில் ஒரு காலும் ராஃப்டரில் ஒரு காலும் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு தலைக்கு மேலே வெல்டு செய்கிறவரிடம் எந்தத் தரத்தை எதிர்பார்க்க முடியும்? நிற்க ஒரு பலகை போட்டுக் கொடுத்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். அதைக்கூடச் செய்யாமல், விழுந்த பிறகு அந்தத் தொழிலாளியின் பெயரை முதல் தகவல் அறிக்கையில் எழுதுவது அநியாயம்.

ராடு பற்றியும் சொல்ல வேண்டும். கனமான தகடுகளுக்கு 7018 என்ற ராடு வகையை வரைபடத்தில் எழுதுகிறார்கள், நல்லது. அந்த ராடை 300 டிகிரிக்கு மேல் ஓவனில் ஒரு மணி நேரமாவது உலர்த்தி, சூடாக வைத்திருந்து எடுத்துப் பயன்படுத்த வேண்டும். ஈரம் ஏறிய பூச்சிலிருந்து ஹைட்ரஜன் வெல்டுக்குள் போய், வேலை முடிந்து ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக்கூட விரிசல் விடும். மாலையில் பார்த்தால் நன்றாக இருந்த வெல்டு அது. எத்தனை சைட்டுகளில் ராடு ஓவன் இருக்கிறது என்று உங்கள் ஆய்வாளர்களை ஒருமுறை கேட்டு வரச் சொல்லுங்கள்.

தூணின் அடித்தகடான பேஸ் பிளேட்டில் நடப்பதும் இதே கதைதான். அஸ்திவாரத்தில் பதித்த ஆங்கர் போல்ட் ஓட்டைக்குப் பொருந்தவில்லை என்றால் கேஸ் கட்டரால் ஓட்டையை அகலப்படுத்தி, நட்டை பிளேட்டோடு வெல்டு செய்துவிடுகிறார்கள். 8.8 தர உயர்வலிமை போல்ட்டாக இருந்தால் அந்தச் சூட்டிலேயே அதன் பதம் கெட்டுவிடும். கூரை தூக்கும்போது முழுக் கட்டடத்தையும் தரையோடு பிடித்திருப்பது அந்த நாலு போல்ட்தான்.

நம் மாநிலத்தில் இதற்கெல்லாம் அறிவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. திருச்சி பெல் வளாகத்தில் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. திருச்சியைச் சுற்றிய பட்டறைகளில் பாய்லர் வெல்டர்கள் உலகத் தரத்தில் வேலை செய்கிறார்கள். பாய்லரின் அழுத்தப் பகுதியில் ராடு வைக்க வேண்டுமானால் இந்தியப் பாய்லர் ஒழுங்குமுறைகளின்படி வெல்டர் தேர்வெழுதிச் சான்று வாங்கியிருக்க வேண்டும். அந்தப் பாய்லர் இருக்கும் கூடத்தின் கூரையை வெல்டு செய்கிறவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. இரண்டுக்கும் கீழே நிற்பது அதே தொழிலாளிதான்.

குஜராத்தின் மோர்பியில் 2022 அக்டோபர் 30 அன்று தொங்குபாலம் அறுந்து 135 பேர் இறந்தார்கள். வடங்களில் ஒன்றின் 49 கம்பிகளில் 22 துருப்பிடித்திருந்தன என்று சிறப்புப் புலனாய்வுக் குழு எழுதியது. புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் பழைய தொங்குகம்பிகளோடு புதியவற்றை வெல்டு செய்திருந்ததையும் குறைகளில் ஒன்றாகக் குறிப்பிட்டது. 1980 மார்ச் 27 அன்று வட கடலில் எண்ணெய்த் தொழிலாளர்கள் தங்கியிருந்த நார்வேயின் அலெக்ஸாண்டர் கீலாண்ட் மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் மாண்டதற்கு மூல விரிசல், ஒரு சிறு கருவியைப் பொருத்தத் தாங்குசட்டத்தில் போட்ட 6 மி.மீ. ஃபில்லெட் வெல்டில் தொடங்கியது. ஃபேன் மாட்ட, பைப் தொங்கவிட, செயின் பிளாக் போட என்று ராஃப்டரின் அடி ஃபிளாஞ்சில் கண்ட இடத்தில் கொக்கி வெல்டு செய்கிற ஆலை நிர்வாகங்களும் இதைப் படிக்கட்டும்.

கோவை கருமத்தம்பட்டியில் 2023 ஜூன் 1 அன்று விளம்பரப் பலகைச் சட்டம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகு விளம்பரப் பலகைகள் பக்கம் அதிகாரிகளின் பார்வை திரும்பியது. ஷெட்டுகள் பக்கம் பார்வை திரும்பவும் சாவு வேண்டுமா? குறைந்த விலைக்கு டெண்டர், அதில் கமிஷன், அதிலும் மிச்சம் பிடிக்கும் துணை ஒப்பந்தம், கடைசியில் கிலோவுக்குக் கூலி வாங்கும் வெளிமாநிலப் பையன். இந்தச் சங்கிலியில் யாரும் வெல்டுக்கென்று ஒரு ரூபாய் ஒதுக்குவதில்லை. கீழே உட்கார்ந்து சாப்பிடுகிற கல்யாண வீட்டாருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

கோபத்தில் எல்லை மீறியிருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்க வந்ததற்கே வருகிறோம்.

பெயிண்டுக்கு முன் வெல்டு சோதனைப் பதிவு. அதில் என்ன வேண்டும் என்பதையும் சொல்கிறோம். ஒவ்வொரு முக்கிய இணைப்புக்கும் எண் போட்ட வரைபடம் ஒன்று, அதில் வெல்டரின் எண், தேதி, பார்த்தவர் கையொப்பம். வெல்டர் தேர்வுக்கான தரநிலை ஐ.எஸ். 7310-படி அவர் தேர்ச்சி பெற்றவர் என்பதற்கான சான்று, எந்த நிலையில் வெல்டு செய்யத் தேர்ச்சி என்ற குறிப்போடு. ஏனென்றால் கிடைமட்டத்தில் தேறியவர் தலைக்கு மேலே தேறியவர் ஆகமாட்டார். கண்ணால் பார்க்கும் சோதனை எல்லா வெல்டுக்கும் வேண்டும். ஒரு ஃபில்லெட் கேஜும் டார்ச்சும் இருந்தால் போதும். ஃபில்லெட்டுகளில் பத்தில் ஒன்றுக்காவது சாயச் சோதனை வேண்டும்: துடைத்து, சிவப்புச் சாயம் அடித்து, பத்து நிமிடம் விட்டு, துடைத்தெடுத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் இருக்கும் இடம் சிவப்புக் கோடாகத் தெரிந்துவிடும். ஃபிளாஞ்சை முனையோடு முனை சேர்க்கும் ஒவ்வொரு பட் வெல்டுக்கும் அல்ட்ராசானிக் (மீயொலி) சோதனை கட்டாயம், ஏனென்றால் உள்ளே செருகிய கம்பித் துண்டைச் சாயம் காட்டாது. சோதிப்பவர் ஒப்பந்ததாரரிடம் சம்பளம் வாங்காதவராக இருக்க வேண்டும். சோதனைச் செலவை டெண்டரில் தனி இனமாகக் காட்டச் சொல்லுங்கள். கிலோ விலைக்குள் அடக்கினால் அது நடக்காது.

ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களில், ஆட்கள் கூடும் கூரைகளை வடகிழக்குப் பருவமழைக்கு முன் பாருங்கள். கடலோர மாவட்டங்கள் முதலில். 2011-இல் தானே, 2016-இல் வர்தா, 2018-இல் கஜா வந்த வழி நமக்குத் தெரியும். எல்லா இணைப்பையும் சுரண்ட வேண்டியதில்லை. தூண் தலையில் ராஃப்டர் சேரும் மூட்டு, ராஃப்டரின் நடு இணைப்பு, பேஸ் பிளேட் ஆகிய மூன்று இடங்களில் ஒரு சாண் அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள். கிரைண்டரால் தேய்த்து மட்டமாக்கிய வெல்டு எங்கே கண்ணில் பட்டாலும் அங்கே அல்ட்ராசானிக் கருவியை வையுங்கள். குறை இருந்தால் கட்டடத்தை இடிக்க வேண்டியதில்லை. மேலேயும் கீழேயும் கவர் பிளேட் போட்டு முறையாக வெல்டு செய்து பெரும்பாலானவற்றைக் காப்பாற்றிவிடலாம். அந்த வேலைக்கும் கணக்குப் போடுவதற்கும் எங்களில் பலர் உங்களோடு வந்து நிற்கத் தயாராக இருக்கிறோம்.

வரும் ஐப்பசிக்குள் இதற்கொரு சுற்றறிக்கை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இரும்புக் கட்டுமானத் தொழிலில் உள்ள பொறியாளர்கள், ஃபேப்ரிகேட்டர்கள், வெல்டர்கள்