போஸ்ட்-டாக் என்பது நாள் கடத்தலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார உயர்கல்விச் சிறப்பிதழில், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வை (போஸ்ட்-டாக்) 'வேலை கிடைக்கும்வரை உதவித்தொகையில் நாள் கடத்தும் ஏற்பாடு' என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். தங்கள் இதழைப் படித்தே வளர்ந்த எனக்கு அந்த வரியைத் தாண்டி மேலே படிக்க மனம் வரவில்லை.

கரு வளர்ச்சி உயிரியலில் நான் நான்கு ஆண்டுகள் போஸ்ட்-டாக்காக இருந்தவள். வண்ணமீன் கடைகளில் விற்கும் அதே ஜீப்ரா மீன்தான் எங்கள் ஆய்வுக்கும். காலையில் விளக்கு எரிந்ததும் அது இடும் முட்டை கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதால், முக்கால் மணி நேரத்தில் ஒரு செல் இரண்டாகப் பிரிவதையும், மறுநாள் அதற்குள்ளேயே இதயம் துடிக்கத் தொடங்குவதையும் நுண்ணோக்கியில் நேராகப் பார்க்கலாம். ஆனால் ஒரு தலைமுறை பருவத்துக்கு வர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். ஒரு மரபணுவை மாற்றி, தாய் தந்தை இருவழியிலும் அம்மாற்றத்தைப் பெற்ற மீனை வளர்த்தெடுப்பதற்குள், எதுவும் பிசகாவிட்டாலும், முக்கால் ஆண்டு போய்விடும். மத்திய அரசின் தேசிய போஸ்ட்-டாக் உதவித்தொகையோ மொத்தமே இரண்டு ஆண்டுகளுக்குத்தான். இதில் நாள் கடத்த எங்கே நேரம்? பழ ஈயின் கருவை ஆராய்ந்ததற்காக 1995இல் நோபல் பரிசு பெற்ற கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் போஸ்ட்-டாக்காகச் சேர்ந்த பிறகே அந்த ஆய்வைத் தொடங்கினார் என்பதைத் தாங்கள் அறியாதவர் அல்லர்.

எனக்கு ஒருமுறை உதவித்தொகை ஏழு மாதம் வரவில்லை. அப்பாவின் ஓய்வூதியத்தில்தான் விடுதி வாடகை கட்டினேன். ஒரு நேர்காணலில் என் ஆய்வைப் பற்றிக் கேட்கும் முன்பே, கணவர் எந்த ஊரில் வேலை பார்க்கிறார் என்று கேட்டார்கள். அம்மாவின் நோய்க்காக மூன்று ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியபோது, பெண்களுக்கான ஐந்தாண்டுத் தளர்வையும் சேர்த்த வயது வரம்பு எனக்குக் கடந்திருந்தது. இவ்வளவையும் பொறுத்துக்கொண்ட என்னால் அந்த ஒரு வரியைப் பொறுக்க முடியவில்லை. விலங்கியல் படித்துவிட்டு மேற்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் கடலூர்ப் பிள்ளைகளும் அதைப் படித்திருப்பார்கள் என்பதே என் பெரிய வேதனை.

அந்த வரிக்குத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம், ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் போன்றவற்றின் போஸ்ட்-டாக் அறிவிப்புகளை, கடைசித் தேதியுடன், தங்கள் கல்விப் பக்கத்தில் இரண்டு வரியில் தமிழில் தந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.